டர்போ டிராக்டரைச் சூடேற்றலும் ஆறவைத்தலும்

"வண்டியை நிறுத்துவதற்கும் ஒரு கட்டுரையா?" என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்கக்கூடும். சென்ற தை மாதம் வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அம்மாதம் எங்கள் டிராக்டரின் டர்போ சார்ஜர் பழுதாகி, கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நேரத்தில் பதினாறு நாள் வண்டி ஷெட்டில் நின்றது. பழுதின் காரணம் நான் இரண்டாமாண்டில் படித்துத் தேர்வெழுதிய வெப்பவியல் பாடத்திலேயே இருந்தது. அதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை, திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் உள்ளது. நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் பகுதி. என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாக டிராக்டர் ஓட்டி வருபவர். எங்களிடம் முன்பிருந்த வண்டிக்கு டர்போ கிடையாது. அதை விற்று, மீதித் தொகைக்கு வங்கிக் கடன் பெற்று, மூன்றாண்டுகளுக்கு முன் டர்போ எஞ்சின் வண்டி வாங்கினோம். வண்டி மாறியது, ஓட்டும் பழக்கம் மாறவில்லை. பழைய வண்டிக்கு அப்பழக்கத்தால் பெரிய கேடு வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குறை ஓட்டியவருடையது மட்டுமன்று.

டர்போ என்பது யாது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை என்பதை நாம் அறிவோம். உருளைக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு நெருக்குகிறது. அந்நெருக்கத்தில் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்றுக்குத் தக்கபடிதான் டீசலை முழுமையாக எரிக்க முடியும். எனவே எஞ்சினைப் பெரிதாக்காமல் அதன் திறனைக் கூட்ட வேண்டுமானால், காற்றை அதிகமாகத் திணிக்க வேண்டும்.

திணிப்பதற்கான ஆற்றல் எங்கிருந்து கிடைக்கும்? டீசல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாக வெளியேறுகிறது. அந்த வீண் ஆற்றலைப் பிடித்துப் பயன்படுத்தும் வழிக்கு, சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகுதான் அது நடைமுறையில் வெற்றி கண்டது. 1926இல் இரண்டு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களில் இதைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் தந்துவந்த எஞ்சின் வகை 2,500 குதிரைத்திறன் தந்தது. டிராக்டருக்கு இது வந்துசேர மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் 1961இல் வெளிவந்த ஆலிஸ் சால்மர்ஸ் டி-19 வண்டியே தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி விற்கப்பட்ட முதல் டீசல் டிராக்டர். இன்று சோளிங்கரைத் தாண்டிப் பாணாவரம் பக்கத்துப் புலிவலத்தில் டர்போ சார்ஜர் செய்யும் தொழிற்சாலையே நடக்கிறது. நம் மாணவர்கள் பலருக்கு இது தெரியாது. ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டபடியால், வருங்காலத்தில் டர்போ இல்லாத பெரிய வண்டியைக் காண்பதே அரிதாகிவிடும் என்று நினைக்கிறேன்.

இதன் அமைப்பு எளிமையானது. ஒரு தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்றைப் புகைக்காற்று சுழற்றுகிறது. மற்றது அதே வேகத்தில் சுழன்று வெளிக்காற்றை உருளைக்குள் தள்ளுகிறது. ஆனால் அந்த வேகத்தை எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்று! நம் வகுப்பறை மின்விசிறி நொடிக்கு ஆறு சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. இத்தண்டோ நொடிக்கு ஆயிரத்து அறுநூறு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. இவ்வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் நொடியில் நாசம். தொடாமல் காப்பது எது? பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே எஞ்சின் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று, தண்டை மிதக்க வைக்கிறது. தண்டின் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்குவதும் அதே ஆயில்தான். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை அனைத்தும் விளங்கும்.

காலையில்

இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் அடிச்சட்டிக்கு வடிந்துவிடும். குளிர்ந்து கெட்டியாகவும் இருக்கும். எஞ்சின் பிடித்தபின் அது மேலேறி டர்போவை அடையச் சில நொடிகள் ஆகும். அதற்குள் ஆக்சிலேட்டரை அழுத்தினால் தண்டு வறட்சியாகச் சுழலும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அதைச் சூழ்ந்த உருளை இரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல் இரு மடங்கு விரிவடைகிறது. பிஸ்டன் சட்டென்று சூடேறி உருளை இன்னும் குளிர்ந்தே இருந்தால் இடைவெளி இறுகி உராயும்.

கனடா போன்ற நாடுகளில் இரவெல்லாம் எஞ்சினை மின்சாரத்தால் சூடேற்றி வைக்கும் கருவி பொருத்துகிறார்கள். நம்மூர் மார்கழிப் பனிக்கு அதெல்லாம் தேவையில்லை. ஓரிரு நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பிறகு பளு இல்லாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போனாலே போதும். வெப்பமானியின் முள் அசைந்து ஏறிய பிறகு கலப்பையை இறக்கலாம். வண்டியை உறுமவிட்டுத் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதைச் சிலர் 'சூடேற்றுதல்' என்று கருதுகிறார்கள். அது தவறு. பளு இன்றி ஓடும் எஞ்சின் உண்மையில் சூடேறுவதே இல்லை. டீசல் அரைகுறையாக எரிந்து கரி படிகிறது. எரியாத டீசல் உருளைச் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு அடிச்சட்டியில் கலந்து அதை நீர்த்துப் போகச் செய்கிறது.

மாலையில்

எங்களுக்குக் கேடு வந்தது இங்கேதான். கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது, டர்போவின் புகைப்பக்க உறை சில நூறு பாகை சூட்டில் இருக்கும். ஆலை வாசலில் வரிசை நிற்கும். டீசல் வீணாகக்கூடாதென்று தந்தையார் உடனே வண்டியை நிறுத்துவார். நிறுத்துவதற்கு முன் ஒரு ரேஸ்! ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கி, எஞ்சின் கத்தும்போதே ஸ்டாப்பரை இழுப்பார். "ரேஸ் குடுத்து நிறுத்தினாத்தான் அடுத்த தரம் டக்குனு பிடிக்கும்" என்பது அவர் இளமையில் லாரிக்காரர்களிடம் கற்றது. மட்கார்டில் உட்கார்ந்தபடி நான் இதை நூறு முறையாவது பார்த்திருப்பேன்.

அப்போது உள்ளே நடப்பது என்ன? எஞ்சின் நின்றதும் ஆயில் பம்பும் நின்றுவிடும். ரேஸ் கொடுத்ததால் உச்ச வேகத்தில் இருக்கும் தண்டு, ஆயில் வரத்து இல்லாமலே பல நொடிகள் சுழலும். அது நின்ற பிறகும் தொல்லை தீராது. உறையின் சூடு, போக வேறு வழியின்றித் தண்டின் வழியே பேரிங்குக்குக் கடத்தப்படும். எடுத்துச் செல்ல ஓடும் ஆயில் இல்லை. தேங்கி நின்ற ஆயில்தான் உண்டு. அது காய்ந்த தோசைக்கல்லில் விட்ட எண்ணெயைப்போல் கருகிக் கெட்டிப்படும். கருகல் ஆயில் துளையை அடைக்கும், மறுநாள் வரத்து குறையும், மேலும் கருகும். ஒரே நாளில் வரும் சாவு அன்று இது.

முதலில் விசில் போல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு நீலப்புகை, ஆயில் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் மேட்டில் இழுக்க மறுத்து நின்றது. மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் அசைத்தார். அசையக்கூடாத பக்கமெல்லாம் அசைந்தது. ஆயில் இறங்கும் குழாயைத் தட்டியபோது காப்பித்தூள் போல் கரி கொட்டியது. "நிறுத்தறப்போ ரேஸ் குடுப்பீங்களாண்ணா?" என்று கேட்டார். தந்தையார் பதில் சொல்லவில்லை. செலவு 28,000 ரூபாய். அந்த மாதத் தவணை தவறியது. தாயாரின் சங்கிலி அடகுக்குப் போனது.

அன்றிரவு, வண்டியுடன் வந்த கையேட்டைச் சாமி அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே இருந்தது. முழுவதும் ஆங்கிலம். பளுவான வேலைக்குப் பின் மூன்று முதல் ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நிறுத்துக என்று தெளிவாக எழுதியிருந்தது. தந்தையாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். வெப்பக் கடத்தலுக்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், மூன்றாண்டுகளாக அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இதைத் தந்தையாரிடம் சொன்னபோது அவர் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை; கணக்குப் போட்டார். நின்றபடி ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக டீசல் செலவாகும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடத்திற்குப் பத்து ரூபாய். "நாளைக்கு நாலு தரம் நிறுத்தறேன். வருஷத்துக்கு எரநூறு நாள். எட்டாயிரம் ஆச்சே! மூணரை வருஷத்துல நீ சொல்ற டர்போ காசு வந்துடுது." கணக்கு சரிதான். நான் திகைத்துப் போனேன்.

இரண்டு நாள் யோசித்த பிறகே விடை கிடைத்தது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஐந்து நிமிடம் தேவையில்லை. எஞ்சின் அன்று எவ்வளவு உழைத்தது என்பதைவிட, நிறுத்துவதற்கு முந்தைய சில நிமிடங்களில் எப்படி உழைத்தது என்பதே முக்கியம். உழவு முடித்து, கலப்பையைத் தூக்கிக்கொண்டு வெறுமனே வீடு வரும்போது டர்போ வழியிலேயே ஆறிவிடுகிறது. வாசலில் அரை நிமிடம் போதும். ஆலை வாசல், சேறடிக்கும் வயல், ரொட்டவேட்டர் ஓடும் நிலம் ஆகிய இடங்களில் பளுவோடு இருந்து சட்டென்று நிறுத்தும்போதுதான் முழு நேரமும் வேண்டும். அது எங்களுக்கு நாளொன்றுக்கு ஒருமுறை; ஆண்டுக்கு 2,000 ரூபாய். ரேஸ் கொடுக்காமல் இருப்பதற்குச் செலவே இல்லை. பதினாறு நாள் வாடகை வண்டிக்குக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார்.

இப்போது ஆலை வாசலில் வண்டி மெல்ல ஓடிக்கொண்டிருக்க, தந்தையார் இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டு பிறகு ஏறி ஸ்டாப்பரை இழுக்கிறார். வெற்றிலை மடித்து மென்று முடிக்க நான்கரை நிமிடம் ஆகிறது; கைப்பேசியில் நேரம் பார்த்தேன்.

இன்னும் இரண்டு செய்திகளையும் சேர்த்து ஒரு தாளில் தமிழில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னே ஒட்டினேன். பளுவில் இழுக்கும்போது எஞ்சின் தானே அணைந்துபோனால் அப்படியே விடக்கூடாது. உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து குறைந்த வேகத்தில் ஆறவிட வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியையோ, ஆயில் மாற்றிய வண்டியையோ பிடித்தவுடன் முறுக்கக்கூடாது. ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும்.

கரும்பு நாட்களில் எங்கள் வண்டியை மாற்றி ஓட்ட நகரி பக்கத்திலிருந்து ஒரு மாமா வருவார். அவருக்குத் தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரியும். அதே தாளின் கீழே தெலுங்கிலும் எழுதி ஒட்டும்படி தந்தையார் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. நம் கல்லூரியில் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.