வகுப்பறைக்கு வேண்டுவன: அமெரிக்கப் பொதுப் பாடசாலை ஆசிரியர் பொருள் தேடும் வகை

ஆங்கில நாட்டிலே ‘பப்ளிக் ஸ்கூல்’ என்னும் பெயர், பெருஞ் செல்வர் தம் மக்களைப் பெருங் கட்டணஞ் செலுத்திப் படிப்பிக்கும் ஈற்றன் முதலிய பாடசாலைகளைக் குறிக்கும். அட்லாந்திக் கடலைக் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றாலோ, அப்பெயர் இதற்கு நேர்மாறான பொருளைத் தரும். அங்கே அது வரிப் பணத்தால் நடப்பது, கட்டணம் வாங்காதது, ஏழை வீட்டுப் பிள்ளையும் வாசலிற் போய் நின்றால் மறுக்காமற் சேர்த்துக்கொள்வது. 1837 இல் மசாசூசெற்ஸ் மாநிலக் கல்விச் சபையின் செயலாளராய்ப் பதவியேற்ற ஹோறஸ் மான் என்பவர், எல்லோர்க்கும் பொதுவான பாடசாலை என்னும் கருத்தை ஊர் ஊராகச் சென்று எடுத்துரைத்தார். நாம் ஈண்டு ஆராயப் புகுவது அத்தகைய பொதுப் பாடசாலை ஆசிரியரைப் பற்றியே.

உலகிற் செல்வம் மிக்க நாடுகளுள் ஒன்றாகிய அமெரிக்காவில், ஆசிரியர் ஒருவர் பென்சிலுக்கும் தாளுக்கும் பிறர் உதவியை நாடுகின்றார் என்றால் நம்மவருட் பலர் நம்பமாட்டார். நாமும் முதலில் நம்பவில்லை. ஆயினும் அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிபர நிலையம் 2015-16 ஆம் கல்வியாண்டில் நடத்திய கணக்கெடுப்பிலே, பொதுப் பாடசாலை ஆசிரியருள் நூற்றுக்குத் 94 பேர், மீளப் பெறாத தம் சொந்தப் பணத்தை வகுப்பறைக்குச் செலவிட்டதாகக் கூறியுள்ளனர். அவ்வாறு செலவிட்டவர் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டொன்றுக்கு வந்த தொகை 479 டொலர். இது வறுமைப்பட்ட ஊர்களின் கணக்கன்று. நாடு முழுவதற்கும் உரியது.

இதன் காரணம் யாது? அமெரிக்க அரசியற் சட்டத்திலே கல்வி என்னும் சொல்லே இல்லை. ஆதலின் கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்களோ அதனிற் பெரும் பகுதியை ஊர்ப் பாடசாலைச் சபைகளிடம் விட்டன. அச்சபைகளின் வருவாய் பெரும்பாலும் வீடு நிலங்களின் மீது விதிக்கும் வரியால் வருவது. வளமனைகள் நிறைந்த ஊரிலே சிறு வீதத்தில் வரி விதித்தாலும் பெரும் பணம் சேரும். குடிசைகள் நிறைந்த ஊரிலே எவ்வளவு கடுமையாக விதித்தாலும் சேர்வது சிறிதே.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரிலே எட்ஜ்வுட், அலமோ ஹைற்ஸ் என இரு பாடசாலைப் பிரிவுகள் உள்ளன. முன்னையதில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்சிக்க வழியினரான தொழிலாளர். பின்னையதில் வாழ்ந்தோர் வசதி படைத்தோர். 1967-68 ஆம் ஆண்டிலே எட்ஜ்வுட் மக்கள் சொத்தின் பெறுமதியில் ஒவ்வொரு 100 டொலருக்கும் 1 டொலர் 5 சதம் வரி செலுத்தினர்; அலமோ ஹைற்ஸ் மக்கள் செலுத்தியது 85 சதம். கூடிய வீதத்திற் செலுத்திய எட்ஜ்வுட்டிற்கு ஊர் வரியால் மாணவன் ஒருவனுக்குக் கிடைத்தது 26 டொலர். குறைந்த வீதத்திற் செலுத்திய அலமோ ஹைற்ஸிற்குக் கிடைத்தது 333 டொலர். மாநிலப் பணமும் மத்திய அரசின் பணமும் சேர்ந்த பின்பும் முன்னையதற்கு 356 டொலரும் பின்னையதற்கு 594 டொலருமே ஆயின. 1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் மாணவர் சில நூற்றுவர் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் சென்றனர். அவர்கள் கேட்டவற்றுள் நல்ல கற்பித்தற் பொருள்களும் தகுதி பெற்ற ஆசிரியர்களும் அடங்கும். பிள்ளைகளின் தந்தையருள் ஒருவரான டெமெற்றியோ றொட்றிகஸ் என்னும் உலோகத் தகட்டுத் தொழிலாளி, வேறு பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். அது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1973 இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே தோற்றது. 1989 இல் டெக்சாஸ் மாநிலத்து உச்ச நீதிமன்றம், அம்மாநிலத்தின் அரசியற் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு வேறொரு வழக்கிலே எட்ஜ்வுட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் ஊர்வலஞ் சென்ற மாணவர் தாமே பெற்றோராகியிருப்பர்.

மத்திய அரசு வாளாவிருந்தது என்று சொல்லவும் இயலாது. லிண்டன் ஜோன்சன் என்பார், பிற்காலத்தில் ஜனாதிபதியானவர், 1928 இல் டெக்சாஸின் கொற்றுல்லா என்னும் சிற்றூரிலே மெக்சிக்கப் பிள்ளைகளின் பாடசாலையில் ஆசிரியராய் இருந்தார். பிள்ளைகள் பசியோடு வருவர். விளையாட ஒரு பந்தும் இல்லை. தம் முதற் சம்பளத்தைக் கொண்டு அவர் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கினார். 479 டொலர் ஆசிரியரின் முன்னோடி இவரே எனலாம். 1965 ஏப்பிரல் 11 ஆம் நாள், வறிய பிள்ளைகள் கற்கும் பாடசாலைகளுக்கு மத்திய அரசின் பணத்தை வழங்கும் சட்டத்துக்கு அவர் கையொப்பமிட்டார். டெக்சாஸில் அன்று, தாம் சிறுவயதிற் கற்ற ஊர்ப் பாடசாலையின் அருகே, தமக்கு முதலெழுத்துக் கற்பித்த ஆசிரியையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் முதலாம் பிரிவின்கீழ் வழங்கப்படும் பணமே இன்றும் வறிய பாடசாலைகளுக்குப் பெருந்துணை. ஆயினும் பாடசாலைச் செலவு முழுவதையும் நோக்கினால் மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்றின் அளவினதே.

சொந்தப் பணத்தைச் செலவிடும் ஆசிரியருக்கு வருமானவரியில் ஒரு சலுகையும் உண்டு. 2002 இல் 250 டொலராய்த் தொடங்கிய அது 2022 இல் 300 டொலராயிற்று. இதனைக் கேட்டவுடன் 300 டொலர் திரும்பக் கிடைக்கின்றது என்று எண்ணுதல் கூடாது. வரி விதிக்கப்படும் வருமானத்தில் அத்தொகை கழிக்கப்படும், அவ்வளவே. நூற்றுக்கு 22 என்ற வீதத்தில் வரி செலுத்தும் ஆசிரியர் 300 டொலருக்குப் பொருள் வாங்கினால் அவருக்கு மிஞ்சுவது 66 டொலர்.

இனி, ஆசிரியர் தாமே கண்ட வழிக்கு வருவோம். நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியிலே, பொதுப் பாடசாலை ஒன்றிற் சமூகக் கல்வி கற்பித்தவர் சார்ள்ஸ் பெஸ்ற். மாணவர் படிக்கவேண்டிய கதைநூல் ஒன்றிற்குப் போதிய பிரதிகள் இல்லாமையால், விடியற்காலையிற் கடைக்குச் சென்று அதன் பக்கங்களைத் தம் பணத்திற் போட்டோப்பிரதி எடுத்து வருவார். அவ்வாறு நிற்கையிலே, உதவ விரும்பும் மக்கள் பலர் உளர், ஆயின் தம் பணம் எங்கே போகின்றது என்று காணமுடியாமையால் அவர்கள் தயங்குகின்றனர் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. ஆசிரியர் தம் தேவையை எழுதுக. கொடுப்போர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க. இக்கருத்தைக் கொண்டு 2000 ஆம் ஆண்டில் ‘டோனர்ஸ் சூஸ்’ என்னும் அமைப்பை இணையத்தில் நிறுவினார்.

தொடக்கம் சுவையானது. சக ஆசிரியரை எழுதவைப்பதற்காகத் தம் தாயாரைக் கொண்டு பேரிக்காயில் ஓர் இனிப்புச் செய்வித்து, ஆசிரியர் அறைக்குக் கொண்டுசென்றார். அதனை உண்பவர் விலையாக ஒரு வேண்டுகோள் எழுதவேண்டும் என்பது நிபந்தனை. 11 வேண்டுகோள்கள் சேர்ந்தன. அவற்றுட் பலவற்றிற்குத் தாமே பெயர் கூறாது பணம் கொடுத்தார். கொடையாளர் காத்திருக்கின்றனர் என்று எண்ணிய ஏனைய ஆசிரியரும் எழுதத் தொடங்கினர். இதனை நம் ஊரிலே ‘சுத்துமாத்து’ என்பாரும் உளர். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். உண்மையான கொடையாளரை அவருக்குத் தேடிக் கொடுத்தவர்கள் மாணவரே. பாடசாலை விட்டபின் நாடோறும் இருந்து, 2,000 பேருக்குக் கையாற் கடிதம் எழுதினர். வந்த பணம் 30,000 டொலர். 2007 இல் நாட்டின் எந்தப் பொதுப் பாடசாலை ஆசிரியரும் எழுதலாம் என்னும் நிலை வந்தது. 2018 இல் நிறுவனம் ஒன்று 2 கோடி 90 இலட்சம் டொலர் கொடுத்து, அன்று அங்கே காத்திருந்த 35,000 இற்கு மேற்பட்ட வேண்டுகோள்கள் அனைத்தையும் ஒரே நாளில் நிறைவேற்றியது.

இவ்வமைப்பின் நடைமுறையிலே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பணம் ஆசிரியரின் கைக்கு வருவதே இல்லை. வேண்டுகோள் பரிசீலிக்கப்பட்டு, பணம் நிறைந்ததும், அமைப்பே பொருள்களை வாங்கிப் பாடசாலைக்கு அனுப்பும். ஆசிரியர் பொருள் பயன்படும் படங்களையும் நன்றியுரையையும் அனுப்புவார்; எவ்வளவு எதற்குச் செலவாயிற்று என்னும் கணக்குக் கொடுத்தவருக்குச் செல்லும். எத்தனையோ சங்கங்கள் பொருளாளரின் நேர்மையைப் பற்றிய ஐயத்தாற் பிளவுபட்டதை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

நியூயோர்க்கிலே வேறொரு வழியும் உண்டு. 1978 இல் மத்திய பூங்காவின் விலங்குக் காட்சிச்சாலைக்கு மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. நகரப் பண்பாட்டுத் திணைக்களத்தில் வேலைசெய்த ஓவியர் ஒருவர் வானொலி மூலம் கேட்டார்; ஒன்றல்ல, பல பெட்டிகள் தருவதாக மறுமொழிகள் வந்தன. வேண்டாதவர் கையில் உள்ளது வேண்டுவோர்க்குச் சேரவில்லை என்பதை அச்சிறு நிகழ்ச்சி காட்டியது. ‘மெற்றீரியல்ஸ் ஃபோர் த ஆர்ட்ஸ்’ என்னும் பண்டசாலை அவ்வாறு பிறந்தது. துணி, தாள், பொத்தான், வண்ணம், தளபாடம் என வணிக நிலையங்கள் கழித்தவை அங்கே குவிகின்றன; நகரத்துப் பொதுப் பாடசாலை ஆசிரியர் பதிவுசெய்து, வேண்டியவற்றை விலையின்றி எடுத்துச் செல்லலாம்.

இவற்றையெல்லாம் புகழ்ந்துரைத்து நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. 2021 டிசம்பரிலே தெற்கு டகோட்டா மாநிலத்துச் சூ ஃபோல்ஸ் நகரில், பனித்தரை ஹொக்கி ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு காட்சி நடத்தப்பட்டது. தரையிலே விரித்த கம்பளத்தில் 5,000 டொலர் ஒற்றை டொலர்த் தாள்களாய்க் கொட்டப்பட்டது. ஆசிரியர் பதின்மர் முழந்தாளிட்டு, அள்ளிய தாள்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டனர். சுற்றியிருந்தோர் ஆரவாரஞ் செய்தனர். பணம் வகுப்பறைக்கே என்பது உண்மை. அந்தப் படத்தைக் கண்டு அந்நாடே நாணியது. நடத்தியோர் மன்னிப்புக் கேட்டனர். அப்பதின்மரையும் நாம் குறைகூறோம். முழந்தாளிட்டவரிலும் முழந்தாளிடச் செய்த முறையே வெட்கப்பட வேண்டியது.

வேறொரு குறையும் உண்டு. நன்றாக எழுதத் தெரிந்த ஆசிரியரின் வகுப்புக்குப் பொருள் வரும். எழுத நேரமில்லாதவரின் வகுப்புக்கு வராது. பிள்ளைகளின் தேவையோ இரண்டிடத்தும் ஒன்றே. கொடையாளர் நிரப்புவார் என்று பாடசாலைச் சபையே கையை விரிக்கவும் கூடும்.

நமது நாட்டில் 1945 முதற் கல்வி இலவசம். 1980 முதற் பாடநூலும் இலவசம். ஆயினும் 2022 மார்ச்சிலே அச்சிடத் தாளின்றி மேல் மாகாணத்திற் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டமையை எவரும் மறந்திரார். கேட்டு வாங்கிப் பாடசாலை நடத்துதல் நமக்குப் புதிதுமன்று. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், வீடுதோறும் பிடியரிசி திரட்டி அதனை நடத்தியதை நாம் அறிவோம். இன்று பிடியரிசியின் இடத்திலே கடல் கடந்த பழைய மாணவரின் பணம் நிற்கின்றது. ஆகவே வேண்டுகோள் எழுதும் வகையை நம் ஆசிரியரும் மாணவரும் பயிலுதல் நன்று.

‘எமது கல்லூரி விஞ்ஞானகூடத்திற்குத் தாராளமாக உதவுக’ என்று எழுதினால், படிப்பவர் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவார். ‘ஒன்பதாம் வகுப்பில் 36 மாணவர் உளர், நுணுக்குக்காட்டி ஒன்றே உண்டு, ஒரு பாடவேளையில் ஒருவருக்கு ஒரு நிமிடமே கிடைக்கின்றது, வெங்காயத் தோலின் கலத்தை ஒவ்வொருவரும் ஆறுதலாய்ப் பார்ப்பதற்கு இன்னும் ஐந்து வேண்டும், ஒன்றின் விலை இன்னது, மூன்று கடைகளின் விலைப்பட்டியல் இத்துடன் உள்ளது’ என்று எழுதுக. இங்கே கெஞ்சுதல் இல்லை. பிள்ளைகளின் வறுமையை விரித்துரைத்து இரக்கம் தேடுதலும் இல்லை. தம் வீட்டு அடுப்பு எரியாமையை ஊரறியப் படிப்பதை எந்தப் பிள்ளையும் விரும்பாது. கொடுப்பவருக்குத் தம் பணம் எதுவாக மாறும் என்பது கண்ணிற் தெரிகின்றது. ஐந்து வாங்க இயலாதவர் ஒன்று வாங்கலாம். ஒன்றும் வாங்க இயலாதவர் கண்ணாடித் தகடு ஒரு பெட்டி அனுப்பலாம். அதிபரின் ஒப்புதலை முன்னரே பெற்று, அதனையும் இணைத்தல் வேண்டும்.

பொருள் வந்தபின் செய்யவேண்டியதும் உண்டு. மாணவர் கையெழுத்திலேயே நன்றிக் கடிதம் செல்லட்டும். எழுத்துப்பிழையைத் திருத்தலாம், ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவித்தல் ஆகாது. அமெரிக்காவிலே இவ்வாறு வந்த பொருள் பாடசாலைக்கு உரியதா ஆசிரியருக்கு உரியதா என்னும் வினா எழுந்து, டோனர்ஸ் சூஸ் வழியாக வருவது பாடசாலைக்கே உரியது என்று விதி செய்துள்ளனர். நம் நாட்டிலே ஆசிரியர் இடமாற்றம் அடிக்கடி நிகழ்வது. ஆதலால் வந்த அன்றே பொருட்பதிவேட்டில் நாளும் விலையும் கொடுத்தவர் பெயரும் எழுதப்படல் வேண்டும். மாறிச் செல்லும் ஆசிரியர், அலுமாரித் திறப்பைக் கையளிக்கும்போது அப்பதிவேட்டையும் அடுத்தவரோடு சேர்ந்திருந்து ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்துவிட்டுச் செல்லட்டும்.