பழைய மோட்டார் சைக்கிள் கிளம்பாதபோது செய்ய வேண்டியவை

உழவுத் தொழிலுக்குரிய சாதனங்களைப் பற்றிப் பேசுங்கால் ஏர், பம்பு, எண்ணெய் யந்திரம் முதலியவற்றையே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். கழனிக்கும் வீட்டிற்கும், சந்தைக்கும் தாலுகா கச்சேரிக்கும் இடையே மிராசுதார்களையும் கிராம அலுவலர்களையும் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளும் ஒரு விவசாய சாதனமே. அது வேண்டிய வேளையில் கிளம்பாவிடில் நேரும் நஷ்டம் சிறிதன்று. அவ்வாறு கிளம்பாமைக்குரிய காரணங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே கண்டறிந்து நீக்கத் தக்கவை. அவற்றை ஒழுங்கான முறையில் தேடுவது எவ்வாறு என்பதை இங்கு விளக்குவோம்.

நம் கிராமங்களில் இன்றும் வழங்கும் பழைய வாகனங்களுள் முக்கியமானது 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ராயல் என்பீல்ட் புல்லட். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற என்பீல்ட் இந்தியா கம்பெனி, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி இதனை முதலில் வெளியிட்டது. பின்னர் எல்லாப் பாகங்களும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. வார்ப்பிரும்புச் சிலிண்டரும், பாட்டரியும், காயிலும், பாயிண்டும் கொண்ட பழைய புல்லட்டையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பிற பழைய வாகனங்களுக்கும் இதன் அடிப்படை பொருந்தும்.

ஓர் அனுபவம்

நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியை முதலிற் கூறுவது பயன் தரும். ஐப்பசி மாதத்து அடைமழையில் ஓர் இரவு ஏரிக்கரையில் நீர் கசிவதாகச் செய்தி வந்தது. நிலக்காரர் ஒருவர் மண்மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் ஏற்பாடு செய்ய அடுத்த ஊருக்குச் செல்லத் தம் புல்லட்டை எடுத்தார். வண்டி கிளம்பவில்லை. பிளக்கை மாற்றினார்; கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பூட்டினார்; மீண்டும் மீண்டும் உதைத்ததில் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது. கடைசியில் நொண்டி நொண்டி நடந்தே சென்றார். ஆட்கள் வந்து கசிவை அடைப்பதற்குள் அவருடைய நாற்றங்காலில் பாதி நீரில் மூழ்கிப்போயிற்று. மறுநாட் காலை பார்த்தபோது, பாயிண்டுப் பெட்டியுள் மழைநீர் புகுந்து எண்ணெய்ப் பிசுக்குடன் சேர்ந்து பாயிண்டின் முகத்திற் படிந்திருந்தது. துணியால் துடைத்த பின் இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. கண் முன்னே இருந்த ஆம்மீட்டரை அவர் முதலிற் பார்த்திருப்பாராயின் இத்தனை துன்பமும் நேர்ந்திராது.

மூன்று தேவைகள்

எந்தப் பெட்ரோல் யந்திரமும் ஓடுவதற்கு மூன்று வேண்டும். அவையாவன: தக்க வேளையில் எழும் நல்ல மின்பொறி, தக்க அளவு கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையை இறுக்கும் அழுத்தம். கிளம்பாத வண்டியில் இம்மூன்றில் ஒன்று குறைந்திருக்கிறது. எது குறைந்தது என்று அறியுமுன் எதையும் மாற்றலாகாது. ஒரு சமயத்தில் ஒன்றையே சோதிக்க வேண்டும். ஒன்றையே திருத்த வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணம் கண்டது என்பது விளங்காது. நன்றாயிருந்த பாகமும் வீணே கெடும்.

உதைக்கும் முறை

வாகனத்தில் குறையில்லாதபோதும் உதைக்கும் முறை தவறினால் அது கிளம்பாது. முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். யந்திரம் குளிர்ந்திருந்தால் சோக்கைப் போட வேண்டும். சாவியைத் திறந்து, கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் அது இறுகி நிற்கும். அங்கே இடக்கைப் பக்கமுள்ள டிகம்ப்ரஷர் பிடியை அழுத்திக்கொண்டு கிக்கரைச் சிறிதளவே கீழே தள்ளிப் பிடியை விட்டுவிட வேண்டும். பின் கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக அடிவரை உதைக்க வேண்டும். இறுகிய இடத்திலேயே பாதி உதையாக உதைப்பதால்தான் கிக்கர் திருப்பி அடிக்கிறது. வெறுங்காலுடன் உதைப்பது அபாயகரமானது.

மின்பொறிச் சோதனை

இச்சோதனைக்கு விளக்குகளை அணைத்து வைக்க வேண்டும். சாவியைத் திறந்து, டிகம்ப்ரஷரை அழுத்தியபடி கிக்கரை நிதானமாக நான்கைந்து முறை இயக்கி, ஆம்மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். பாயிண்டு மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவிற்கு வரும். இதிலிருந்து மூன்று நிலைகளை அறியலாம்.

(1) முள் சாய்வதும் நடுவிற்கு மீள்வதுமாக இருந்தால் பாட்டரியிலிருந்து பாயிண்டு வரை மின்சாரம் ஓடுகிறது. குறை அதற்கு அப்பால் உள்ளது.

(2) முள் அசையாமல் நடுவிலேயே நின்றால் மின்சாரம் எங்கோ அறுபட்டிருக்கிறது. ஹாரனை அழுத்திப் பார்க்க வேண்டும். அதுவும் ஒலிக்காவிடில் பாட்டரி முனைகளையும் பியூஸையும் கவனிக்க வேண்டும். நன்கு மின்னேறிய 6 வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 6.3 வோல்ட்டும், 12 வோல்ட் பாட்டரி 12.6 வோல்ட்டும் காட்டும். ஹாரன் நன்கு ஒலித்தால் பாயிண்டில் அழுக்கு இருக்கலாம்; அன்றிச் சாவி முதல் பாயிண்டு வரையுள்ள கம்பி விட்டிருக்கலாம். நெற்குதிருக்கு அருகில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த கம்பிகள் அடிக்கடி காணப்படும்.

(3) முள் சாய்ந்தே நின்றால் பாயிண்டு திறக்கவில்லை. அல்லது கண்டென்ஸரோ கம்பியோ உடலோடு ஒட்டிப்போயிருக்கிறது.

பாயிண்டு முழுதும் திறந்த நிலையில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். பெட்ரோலில் நனைத்த சுத்தமான காகிதத் துண்டை இடையில் செலுத்தி இழுத்தாலே பெரும்பாலும் பிசுக்கு நீங்கிவிடும்.

முள் சரியாக அசைந்தால், பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் சிலிண்டர் தலையில் நன்றாகப் படும்படி வைத்து உதைத்துப் பார்க்க வேண்டும். நீலநிறமாய்ச் சத்தத்துடன் எழும் பொறி நல்லது. மெலிந்த மஞ்சட் பொறியாயின் பாட்டரியையோ கண்டென்ஸரையோ ஐயுற வேண்டும். பொறியே இல்லையாயின் முதலில் வேறொரு நல்ல பிளக்கை வைத்துப் பார்க்க வேண்டும்; பின்னரே தொப்பி, தடித்த கம்பி, காயில் இவற்றை நோக்க வேண்டும். குளிர்ந்தபோது கிளம்பிச் சூடேறியதும் நின்றுபோகும் வண்டியில் கண்டென்ஸர் கெட்டிருப்பது உண்டு.

எச்சரிக்கை: இச்சோதனை செய்யும்போது பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைப் பிளக்குத் துவாரத்திற்கு அப்பால் வைக்க வேண்டும். சிந்திய பெட்ரோல் உலர்ந்த பின்னரே உதைக்க வேண்டும். சோதனை முடிந்ததும் சாவியை மூட மறத்தலாகாது; மறந்தால் காயில் சூடேறும், பாட்டரியும் இறங்கும்.

பெட்ரோல் சோதனை

பொறி நன்றாயிருந்தால் பிளக்கின் முனையைப் பார்க்க வேண்டும். பலமுறை உதைத்தும் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்பது பொருள். டேங்க் மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம், குழாயின் வடிகட்டி, ரப்பர்க் குழாய், கார்ப்பரேட்டரின் மிதவைக் கிண்ணம், சிறு ஜெட் என்னும் வரிசையில் சோதிக்க வேண்டும். ஜெட்டைக் கம்பியாற் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

முனை நனைந்து பெட்ரோல் சொட்டினால் அளவுக்கு மீறிப் புகுந்துவிட்டது. குழாயை மூடி, சோக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுதும் திருப்பி, சாவியை மூடிய நிலையில் டிகம்ப்ரஷரை அழுத்திப் பத்துமுறை உதைத்த பின், பிளக்கைத் துடைத்து மாட்ட வேண்டும்.

இக்காலத்துக்குரிய ஒரு செய்தியும் உண்டு. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் எதனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2025-ஆம் ஆண்டளவில் நாடெங்கும் பரவலாயிற்று. எதனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் நீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கக்கூடும். பழைய ரப்பர்ப் பாகங்களும் உப்பி நலியும். ஆதலின் நெடுநாள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுவது நலம்.

அழுத்தமும் காற்றும்

கிக்கர் எங்கும் இறுகாமல் எளிதாக இறங்கினால் அழுத்தம் இல்லை. முதலில் டிகம்ப்ரஷர் கம்பி மிக இறுக்கமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதில் சிறிது தளர்வு இருத்தல் அவசியம். அது சரியாயிருப்பின் பிளக்குத் துவாரம் வழியாக ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு உதைக்க வேண்டும். இறுக்கம் கூடினால் ரிங் தேய்ந்துள்ளது. கூடாவிடில் வால்வு சரியாகப் படியவில்லை. இவ்விரண்டும் கைதேர்ந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலைகள். காற்று வடிகட்டியில் தூசியும், நின்ற வண்டியின் புகைக்குழாயில் குளவி கட்டிய மண்கூடும் அடைப்பதுண்டு. அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கம்

(1) பெட்ரோல், சாவி, சோக் மூன்றையும் பார்க்க. (2) ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்க. (3) பொறியைப் பார்க்க. (4) பிளக்கின் ஈரத்தைப் பார்க்க. (5) அழுத்தத்தைப் பார்க்க. இவ்வரிசை மாறலாகாது.

ஒரு நல்ல பிளக், ஒரு பியூஸ், பிளக் கழற்றும் சாவி, ஒரு துண்டுத் துணி ஆகியவற்றை வண்டியின் கருவிப் பெட்டியில் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் பாயிண்டுப் பெட்டியைத் திறந்து துடைத்து, பாட்டரி முனைகளை இறுக்கி வைத்தால், நள்ளிரவில் ஏரிக்கரைக்கு அழைப்பு வரும்போது வாகனம் நம்மைக் கைவிடாது. விவசாயிகள் இச்சோதனைகளை ஓய்வுள்ள ஒரு பகற்பொழுதில், நன்றாக ஓடும் வண்டியிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்வார்களாக. நல்ல நிலையில் முள் எவ்வாறு அசையும், பொறி எவ்வாறு எழும் என்று கண்டறிந்தவர்க்கே, கெட்ட நிலையில் குறை எளிதிற் புலப்படும்.