முதியோரின் வாக்கு: நம்மிடமுள்ள அமானத்

 

1955 ஜூலை 27-ஆம் தேதி மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் நமது கெடாவின் சுங்கை மூடா தொகுதியில் நின்று வென்றார். அன்று பிரஜாவுரிமை இல்லாத காரணத்தால் வாக்களிக்க இயலாமல் ஒதுங்கி நின்ற தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளே இன்று நம் வீட்டு முதியோர். பெற்றோருக்குக் கிட்டாத உரிமை இவர்களுக்குக் கிட்டியிருக்கிறது. நம் அசட்டையால் அது வீணாகலாமா?

முதலாவது, பெயர். "நான் பதியவே இல்லையே" என்று சில முதியோர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய பிரஜைகள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். தேர்தல் ஆணையத்தின் இணையத் தளத்தில் அவர்களுடைய அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு தேடிப் பாருங்கள். தேர்தல் நெருங்கும்போது வாக்களிக்கும் இடமும் வரிசை எண்ணும் அதிலேயே தெரியும். அவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழிக் கொடுங்கள்.

இரண்டாவது, முகவரி. தோட்டத்தை விட்டுக் கூலிமுக்கோ சுங்கை பட்டாணிக்கோ குடிவந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம்; வாக்கு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். மாற்ற விரும்பினால் தேர்தல் அறிவிப்புக்கு வெகு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, நாள். 2022 நவம்பர் 19-ல் நாடெங்கும் தேர்தல் நடந்தபோது, அபேட்சகர் ஒருவர் மரணமடைந்ததால் பாடாங் செராயில் டிசம்பர் 7-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆகவே முந்திய நாளும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மை. 2013 பொதுத் தேர்தல் முதல் விரலில் அழியாத மை இடப்படுகிறது. உளூ கூடாதோ என்று அஞ்சும் பெரியவர்களுக்கு, இம்மையைப் பயன்படுத்துவது ஆகும் என்று தேசிய ஃபத்வாக் குழு முன்னரே தீர்மானித்ததை எடுத்துச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, உதவி. காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். அடையாளக் கார்டு, மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், மருந்து ஆகியவற்றை இரவே எடுத்து வையுங்கள். பார்வையற்றோரும் கை இயலாதோரும் துணை ஒருவரைக் கேட்கலாம். அதை அங்குள்ள அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி, வாக்களிக்கத் தேவையான நேரத்தைச் சம்பளம் பிடிக்காமல் சிப்பந்திகளுக்குக் கொடுத்தாக வேண்டும். தாய் தந்தையரை அழைத்துச் செல்ல வேண்டிய சிப்பந்திக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் வியாபாரம் குறைந்துவிடாது.

இறுதியாக, அத்தாவின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது கடமை. "இன்னாருக்குப் போடுங்கள்" என்று நெருக்குவது கடமையன்று. தராசைப் பிடிக்கும் நாம் பிறர் அமானத்தின் எடையை அறிந்தவர்கள். வாசல்வரை நாம் துணை. உள்ளே அவரும் அவருடைய மனச்சாட்சியும் மட்டுமே. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.