அன்னபூரணி பிறந்த கரை

கப்பல் கட்டும் தளம் என்றதும் விசாகப்பட்டினமும் கொச்சியுமே நம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையிலோ, கடற்கரையிலேயே பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று 'அன்னபூரணி அம்மாள்'. ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதை வாங்கிப் பெயரை மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாக ஓட்டிச்சென்று, 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளவுஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர்.

அயலார் வாங்கியதால் அதற்கு நிழற்படம் உண்டு. பத்திரிகைச் செய்தியும் உண்டு. உடன்பிறந்த கலங்களுக்கு? மரம் உளுத்துப் போகும். கரையில் காக்கக் கட்டடமும் இல்லை. ஆதலின் நாம் தேட வேண்டியவை அளவுகளும் தொழிற்சொற்களுமே ஆகும். ஏராவுக்கு எந்த மரம்? வங்குகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? அகலத்தைப்போல் நீளம் எத்தனை மடங்கு? இவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கம், 'கடலாண்ட தமிழன்' என்னும் பத்து மேடைப்பேச்சுகளைவிட மேலானது. (நம் சங்க மேடையும் இதற்கு விலக்கன்று!)

எழுதும்போது, அவர் முழம் என்றால் முழம் என்றே குறிக்க. அடிக்கணக்கு பிறகு ஆகட்டும். இருவர் சொல்வது மாறுபட்டால் இரண்டையும் எழுதுக.