கத்தரி எங்கே விழும்?

வெட்டினால் வீடியோ மங்கிவிடும் என்பது கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம்கூட இருக்கும் நம்பிக்கை. பாதி உண்மைதான். எடிட்டிங் மென்பொருளில் போட்டு வெட்டி எக்ஸ்போர்ட் கொடுத்தால், சுருக்கி வைத்த படம் முழுதாக விரிந்து மறுபடி சுருங்குகிறது. மங்குவது அந்த இரண்டாவது சுருக்கலால். வெட்டின்மேல் பழி இல்லை. 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக், அதன்மேல் இயங்கும் லாஸ்லெஸ்கட் போன்ற கருவிகள், தேவையான பகுதியின் தரவை உள்ளபடியே எடுத்துப் புதுக் கோப்பில் வைத்துவிடும். கோப்பை நகலெடுக்கும் நேரம்தான் ஆகும். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட வேண்டியதில்லை.

அப்படியானால் நினைத்த இடத்தில் கத்தரி வைக்கலாமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

மளிகைக் கடை இருப்பு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் மொத்த இருப்பு; அடுத்த பக்கங்களில் வந்தது, போனது மட்டும். நடுப்பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தால் மூன்று கிலோ பருப்பு போனது தெரியும், எத்தனை கிலோவிலிருந்து போனது என்று தெரியாது. வீடியோவிலும் கீஃப்ரேம் ஒன்றில்தான் முழுப்படம் இருக்கிறது. மற்ற ஃபிரேம்களில் பெரும்பாலும் மாற்றக் கணக்குத்தான். ஒரு கீஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி டிவிடியில் அரை நொடிக்குச் சற்று மேல். எச்.264 என்ற சுருக்க முறைக்கு வந்தால், பரவலாகப் புழங்கும் எக்ஸ்264 என்கோடர் தானாக விட்டால் 250 ஃபிரேம் வரை நீட்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 நொடி. தாலி கட்டும் நொடியில் தொடங்க வேண்டும் என்று குறித்தால், கருவி முந்தைய கீஃப்ரேமுக்குப் பின்வாங்கும். கிளிப்பின் முடிவு இவ்வளவு தொல்லை தராது, தொல்லையெல்லாம் தொடக்கத்தில்தான். நினைத்த ஃபிரேமிலேயே தொடங்க வேண்டுமென்றால் வெட்டு விழும் அந்தச் சில நொடிகளை மட்டும் ரீ-என்கோட் செய்து, மீதியை அப்படியே விடும் 'ஸ்மார்ட் கட்' இருக்கிறது. எல்லாக் கோப்பிலும் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். ஒட்டிய இடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வெட்டியதை ஒட்டும்போது வருவது அடுத்த நம்பிக்கை: இரண்டு கோப்புமே எம்பி4, அதனால் ஒட்டும். எம்பி4 வெறும் டப்பா. உள்ளே என்ன கோடெக், என்ன அளவு, ஒலி 44,100 ஹெர்ட்ஸா 48,000-ஆ என்பதுதான் கேள்வி. 4 ஜிபி வரம்புக்காகக் கேமராவே துண்டு துண்டாக எழுதிய கோப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை. அவை அழகாக ஒட்டும். சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கேமரா கோப்போடு ஒட்டினால், பாதிக்கு மேல் பச்சைப் பச்சையாகக் கட்டம் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

கோப்புகளை வரிசையாக அடுக்கி ஒன்றாக்கும் பழைய காப்பி கட்டளையை இன்னும் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. டிஎஸ் கோப்புக்கு அது பலிக்கும். எம்பி4-இல் அளவு கூடும், ஆனால் முதல் துண்டு மட்டும் ஓடும். பிளேயர் முதல் துண்டின் அட்டவணையைப் படித்ததோடு நின்றுவிடுகிறது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: வெட்டியது போய்விட்டது என்ற நினைப்பு. பின்வாங்கிய அந்த நொடிகளை எம்பி4 கோப்பு 'எடிட் லிஸ்ட்' என்ற குறிப்பு போட்டு மறைத்து வைக்கலாம். குறிப்பை மதிக்கும் பிளேயரில் தெரியாது. மதிக்காத பிளேயரில் அப்படியே ஓடும். தரவு கோப்புக்குள்தான் இருக்கிறது. யாருடைய வங்கி எண்ணையோ, குழந்தையின் முகத்தையோ நீக்கத்தான் வெட்டுகிறீர்கள் என்றால், தரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் கிளிப்பை முழுதாக ரீ-என்கோட் செய்தே அனுப்புங்கள்.