ஜவ்வு ஆபரேஷனுக்கு முன் போடும் ஊசி

பட்டாசு ஆபீசில் தரையில் உட்கார்ந்து குனிந்தே வேலை பார்ப்பவர்களுக்கும் பண்டல் தூக்குபவர்களுக்கும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் முதுகு வலி பழகிப்போன ஒன்று. பலருக்கு ஓய்விலும் உடற்பயிற்சியிலும் தீர்ந்துவிடும். சிலருக்குத்தான் 'ஜவ்வு விலகிருக்கு, ஆபரேஷன்' என்ற பேச்சு வரும். அப்போது கிருமி தொற்றாமல் காக்கும் ஆன்டிபயாடிக் ஊசியைப் பற்றி, நோயாளியும் கூட இருப்பவரும் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருப்பதுதான் இந்த ஜவ்வு. வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிட்டத்தட்டக் கிடையாது. மேலும் கீழும் இருக்கும் எலும்பிலிருந்து மெல்லிய குருத்தெலும்பு வழியே கசிந்துதான் சத்து உள்ளே போகும். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், எம்.ஆர்.ஐ. சாய மருந்தை ரத்தத்தில் செலுத்தி இந்தக் கசிவைப் படம்பிடித்தார்கள். 2004-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, எலும்பில் சில நிமிடங்களில் தெரிந்த சாயம் ஜவ்வின் நடுவில் உச்சத்தைத் தொட 6 மணி நேரம் ஆனது. ஆன்டிபயாடிக்குக்கும் அதே வழிதான். ஜவ்வுக் கூழுக்கு எதிர்மின் தன்மை உண்டு என்பதால் ஜென்டாமைசின் போன்ற நேர்மின் மருந்து சுலபமாக நுழையும். செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் சிரமப்பட்டுத்தான் நுழையும். ஆனாலும் செஃபசோலினையே முதலில் தேர்கிறார்கள். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை அது நன்றாக அடக்கும்; வெட்டுப்படும் தோல், தசையிலும் நிறைந்திருக்கும்.

நேரத்தைக் கவனித்துக் கேளுங்கள். கத்தி படுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஊசி ஏற வேண்டும். கசிய நேரமாகுமே, முந்தின ராத்திரியே போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. சுமார் 2 மணி நேரத்தில் செஃபசோலினின் அளவு ரத்தத்தில் பாதியாகிவிடும். ரத்தத்தில் அடர்த்தி இருந்தால்தான் ஜவ்வுக்குள் கசிவும் இருக்கும். வழக்கமான அளவு 2 கிராம், எடை 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். ஆகவே எடையைச் சரியாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு முறை போடுவார்கள்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குச் செஃபசோலினுக்குப் பதிலாக வான்கோமைசின் என்றால், அது மெதுவாக ஏற்ற வேண்டியது. 2 மணி நேரம் முன்னாலேயே தொடங்குவார்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள்; ஜவ்வுக்கு ஊட்டம் தரும் நுண் குழாய்களை அவை சுருக்கிவிடும். பட்டாசு மருந்து பட்ட புண், தீக்காயம், சீழ்க்கட்டி இருந்தால் மறைக்காதீர்கள். வீட்டில் பிளேடு வைத்து முதுகை மழிக்கவே வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்தபின் கூடுதலாக ஊசி கேட்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2016 முதல் நீட்டிக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

மதுரையில் ஆபரேஷன் முடித்து, வலி குறைந்து வீடு திரும்பியவருக்கு, ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் புரளக்கூட முடியாத முதுகு வலி திரும்பினால், அது ஜவ்வில் கிருமி தொற்றியதாக இருக்கலாம்; காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள். ஆபரேஷன் செய்த இடம் தூரமென்றால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோங்கள். சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள். அதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.