வேட்டை ரைபிளுக்கு மாற்றுக் கட்டை தேர்ந்தெடுத்தல்

மரச் சக்கர வண்டி ஓட்டிப் பழகிய குடியானவர்களுக்கு ஓர் உண்மை நன்றாய்த் தெரியும். பங்குனி, சித்திரை வெயிலில் சக்கரத்தின் ஆரக்கால்களும் வட்டைகளும் உலர்ந்து சுருங்கும். இரும்புப் பட்டை தளர்ந்து ஆடும். சக்கரத்தை ஊருணித் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் பருத்துப் பட்டையை மறுபடியும் இறுகப் பற்றிக்கொள்ளும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் நிலமும் அவ்விதமே கோடையில் பாளம் பாளமாய் வெடித்து, ஐப்பசி மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளுகிறது. இரும்பு அசையாதது, மரம் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி அசைவது. இவ்விரண்டையும் சேர்த்துச் செய்த கருவி எதுவானாலும் அதன் குணமும் குற்றமும் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையிலேயே இருக்கின்றன. துப்பாக்கியும் அத்தகைய கருவியே.

தகப்பனார் காலத்து வேட்டை ரைபிளை முறையான லைசென்ஸுடன் இன்றும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அது குறி தவறத் தொடங்கியதும் புதுக் கட்டை போடச் சொல்லுவோர் பலர். எதற்காகப் போடுவது, எந்தக் கட்டையைப் போடுவது என்று ஆராய்வோர் சிலரே. அந்த ஆராய்ச்சியே இப்பாடத்தின் விஷயம்.

1. முதலில் அறிய வேண்டிய சட்டம்

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமன்றி அதைப் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஆகையால் ரைபிளைக் கிராமத்துத் தச்சரிடமோ கொல்லரிடமோ கொடுத்து வேலை வாங்குதல், அவர் எவ்வளவு கைத்திறமை உள்ளவராயினும், இருவரையும் குற்றத்தில் சேர்க்கும். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமே கொண்டுபோக வேண்டும். குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் அச்சட்டத்தில் தனியாக விலக்கப்பட்டிருக்கிறது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது.

வேட்டையைப் பற்றியும் ஐயம் வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-ல் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டையாடும் வழக்கத்துக்கு முடிவு கட்டிவிட்டன. நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றி உழுது போட்டாலும், நிலச் சொந்தக்காரர் தம் இஷ்டப்படி சுட உரிமையில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஏற்பாடு செய்தது; அப்போதும் சுடுகிறவர் வனத்துறையினரே. ஆகவே, பழைய வேட்டை ரைபிளுக்கு எஞ்சியுள்ள வேலை, லைசென்ஸில் கண்ட காரியமும், அங்கீகாரம் பெற்ற மைதானத்தில் இலக்குப் பலகையைச் சுடுவதுமே.

2. கட்டை செய்யும் வேலை

கட்டை என்பது வெறும் பிடி அன்று. தோட்டா வெடிக்கும்போது குழல் பின்னோக்கி உதைக்கிறது. அதோடு நாண் போல அதிரவும் செய்கிறது. குழலையும், தோட்டாவை அடைத்துப் பூட்டும் இரும்புப் பகுதியையும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் தாங்கி நிற்பதே கட்டையின் வேலை. தாங்கும் இடம் மயிரிழை மாறினாலும் அதிர்வு மாறும். அதிர்வு மாறினால் குண்டு போய்ச் சேரும் இடமும் மாறும். கையாளுகிறவர் குற்றமில்லாமலே குறி தவறுவது இவ்விதமே.

கட்டைகள் இரண்டு வகைப்படும். மௌசர் மாதிரி ரைபிளில் தோளில் பதியும் அடிப்பகுதியும், குழலின் கீழுள்ள முன்பகுதியும் ஒரே மரத்தால் ஆனவை. லீ-என்பீல்டு மாதிரியில் அடிக்கட்டை வேறு, முன்கட்டை வேறு. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்து இந்தியாவில் பரவிய .315 வேட்டை ரைபிள் லீ-என்பீல்டு அமைப்பைச் சேர்ந்தது. ராணுவத்துக்குரிய .303 தோட்டாவைப் பொதுஜனங்கள் உபயோகிக்கலாகாது என்பதால் இந்த அளவு ஏற்பட்டது. இவ்வகையில் அடிக்கட்டையைச் சட்டத்தோடு பிணைப்பது உள்ளே ஓடும் நீண்ட திருகாணி ஒன்று. அது தளர்ந்தால் அடிக்கட்டை ஆடும். பலரும் புதுக் கட்டை வாங்கப் புறப்படுவது இந்தத் தளர்ச்சியைக் கண்டே. அதை வியாபாரி முறைப்படி இறுக்கிவிட்டால் போதும்.

3. குற்றம் கட்டையினுடையதுதானா?

காய்ச்சலுக்கு மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பது வழக்கம். முதலில் கட்டையல்லாத காரணங்களை ஒவ்வொன்றாய் நீக்க வேண்டும். குறிபார்க்கும் காய்களோ, தொலைநோக்கியின் பிடிகளோ ஆடுகின்றனவா? குழலின் வாய் விளிம்பு தேய்ந்தோ அடிபட்டோ இருக்கிறதா? குழலுக்குள் கரியும் செம்பும் படிந்திருக்கின்றனவா? தோட்டாக்கள் பழையனவா, பல பெட்டிகளில் கலந்தெடுத்தனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டை மாற்றுவது வீண் செலவே.

பிறகு மைதானத்தில் மணல் மூட்டையின்மேல் ரைபிளைத் தாங்கி, ஒரே பெட்டித் தோட்டாவால் ஐந்து வெடிகள் தீர்க்க வேண்டும். இடையிடையே குழல் ஆறட்டும். இலக்குத் தாளில் தேதி, மாதம், மழையா வெயிலா என்பனவற்றைக் குறித்து வைத்தல் அவசியம். தாள் சொல்லும் செய்தி பெரும்பாலும் பின்வருமாறு இருக்கும்.

(அ) துளைகள் நெருங்கியே விழுந்து, ஆனால் சித்திரையில் ஓரிடத்திலும் கார்த்திகையில் வேறிடத்திலும் விழுந்தால், கட்டை பருவத்துக்குத் தக்கபடி வளைந்து குழலைத் தள்ளுகிறது.

(ஆ) துளைகள் இரண்டு கூட்டமாய்ப் பிரிந்தால், இரும்பு மரத்துக்குள் இடம் மாறி இடம் மாறி உட்காருகிறது. திருகாணி தளர்ந்திருக்கலாம், அல்லது பதியும் பள்ளம் தேய்ந்திருக்கலாம்.

(இ) குழல் சூடேறச் சூடேறத் துளைகள் ஒரே திசையில் நடந்துபோனால், முன்கட்டை குழலை ஒரு பக்கம் நெருக்குகிறது என்று சந்தேகிக்கலாம்.

(ஈ) துளைகள் ஒழுங்கின்றிச் சிதறினால், காய், வாய் விளிம்பு, தோட்டா, சுடுகிறவர் கை ஆகியவற்றை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

ஒற்றைக் கட்டை ரைபிளில் இன்னொரு சோதனை எளிது. தோட்டா இல்லையென்று இருமுறை கண்ணாலும் விரலாலும் நிச்சயித்த பின், குழலும் முன்கட்டையும் சேரும் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு, முன் திருகாணியை வியாபாரி மெல்லத் தளர்த்தட்டும். குழல் மேலெழுவது விரலுக்குத் தெரிந்தால், இரும்பு மரத்தில் சமமாய்ப் படியாமல் வலிந்து வளைக்கப்பட்டிருக்கிறது. லீ-என்பீல்டு மாதிரியில் முன்கட்டை வாய்ப்பக்கத்தில் குழலைத் தொடுவது அதன் அமைப்பே. அதைக் குற்றமென்று எண்ணிச் சுரண்டிவிடலாகாது.

4. பழையதைச் செப்பனிடலாமா, மாற்றவே வேண்டுமா?

பள்ளம் மட்டும் தேய்ந்திருந்தால், கைதேர்ந்த வியாபாரி கெட்டியாகும் பிசினை அங்கே நிரப்பி இரும்பின் அச்சுப்படி படியவைத்து விடுவார். இது புதுக் கட்டையின் விலையில் சிறு பங்கே ஆகும். கட்டையின் கழுத்தில் விரிசல் கண்டாலும், பின்னுதைப்பைத் தாங்கும் இடத்து மரம் எண்ணெய் ஊறி நைந்து போனாலும், முன்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி முறுக்கிக்கொண்டாலும் மாற்றுவதே முறை. எண்ணெய் ஊறுவதற்குக் காரணம் அதிக அக்கறைதான்: குழலில் தாராளமாய் எண்ணெய் விட்டு, வாய் மேலிருக்க மூலையில் சாய்த்து வைத்தால், எண்ணெய் வருஷக்கணக்கில் கீழிறங்கி மரத்தை மெத்தென்று ஆக்கிவிடுகிறது.

5. மரம் தேர்ந்தெடுக்கும் முறை

உலகமெங்கும் கட்டைக்குப் பேர்பெற்றது வால்நட் என்னும் அக்ரூட் மரம். இந்தியாவில் அது காஷ்மீரத்திலும் இமயமலைச் சாரலிலும் விளைகிறது. அளவான கனம், உதையைத் தாங்கும் உறுதி, உளிக்கு இணங்கும் தன்மை, உலர்ந்த பின் அதிகம் அசையாமை ஆகிய நான்கும் ஒருங்கே சேர்ந்ததே அதன் விசேஷம். தென்னாட்டிலோ, கண்மாய்க் கரையிலும் வீட்டுப் புறத்திலும் வளரும் பூவரசு நெடுங்காலமாய்த் துப்பாக்கிக் கட்டைக்கும் வண்டிக்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. கலப்பைக்கு உகந்த கருவேலம் உறுதியில் குறைந்ததன்று. ஆனால் கனமும் கடினமும் மிகுந்தது. நுண்ணிய பள்ளம் வெட்டும் வேலைக்கு அது எளிதில் இணங்காது.

மரத்தின் ஜாதியைவிட முக்கியமானவை மூன்று.

முதலாவது, உலர்வு. பச்சை மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் உத்தேசமாய் நூற்றுக்கு 30 பங்குக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. நூற்றுக்கு 12 பங்கு அளவுக்கு உலர்ந்த பலகையே கட்டைக்குத் தக்கது. நிழலில், காற்றோட்டத்தில், அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. இரண்டரை அங்குலப் பலகைக்கு இரண்டரை வருஷம். சங்கத்துத் தராசில் மாதம் ஒருமுறை நிறுத்து எழுதிவந்தால், எடை குறையாமல் நின்றுவிட்ட காலம் தெரியும். விற்பவர் வாய்ச்சொல்லைவிட இந்த எடைக் கணக்கே சாட்சி.

இரண்டாவது, இழையோட்டம். மரம் நீளவாட்டில் அநேகமாய்ச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்குகிறது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையைவிட ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். முன்பகுதியில் இழை நேராய் ஓட வேண்டும். கழுத்தில் அதன் வளைவைத் தொடர்ந்து ஓட வேண்டும். கழுத்தைக் குறுக்கே இழை வெட்டிச் சென்றால் அங்கேதான் உடையும். கண்ணைக் கவரும் சுழியும் பூவேலையும் அடிப்பகுதியில் இருக்கலாம். கழுத்திலும் முன்பகுதியிலும் கூடாது.

மூன்றாவது, குற்றமின்மை. கணு, நடுச்சோறு, வெள்ளை மரம், புழுத்துளை ஆகியவை உள்ள பலகையைத் தள்ளிவிட வேண்டும்.

மெல்லிய மரமே கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை அந்நாட்டு மெல்லிய மரத்தால் லீ-என்பீல்டு கட்டைகள் செய்தபோது, உதை தாங்கும் இடத்தில் சிறு செம்புத் தகடுகளைப் பதித்தது. இஷாப்பூரார் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி செலுத்திப் பிளவைத் தடுத்தனர். மரம் இளைத்த இடத்தில் உலோகம் தாங்கட்டும் என்பதே இரண்டின் கருத்தும்.

6. ஒட்டுப்பலகையும் நாரிழைக் கட்டையும்

மெல்லிய மரத் தாள்களைப் பிசினால் ஒட்டிச் செய்யும் கட்டை, தனி மரத்தைவிட மிகக் குறைவாகவே வளையும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் தங்கள் மௌசர் ரைபிள்களுக்கு இதைப் பெருவாரியாய் உபயோகித்தனர். கனம் சற்று அதிகம் என்பதே குறை. கண்ணாடி நாரிழையும் பிசினும் சேர்த்துச் செய்வது ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை. ஆதலால் சித்திரைக்கும் கார்த்திகைக்கும் பேதமின்றி நிற்கும். ஆனால் மலிவான பிளாஸ்டிக் வார்ப்புக் கட்டையின் முன்பகுதி கையழுத்தத்துக்கே வளைந்து குழலைத் தொடக்கூடும். வாங்குமுன் முன்பகுதியையும் குழலையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பது நலம். வார்ப்புக் கட்டையானாலும் இரும்பு பதியும் இடத்தைச் சரிசெய்தே தீர வேண்டும். தானாய்ப் பொருந்தும் கட்டை என்று ஒன்றில்லை.

7. பொருத்தும்போதும் பின்னும் கவனிக்க வேண்டியவை

தோளுக்கும் விசைக்கும் உள்ள தூரம் சுடுகிறவர் கைநீளத்துக்குத் தக்கதாயிருக்க வேண்டும். லீ-என்பீல்டு அடிக்கட்டைகள் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று அரை அங்குல வித்தியாசத்தில் செய்யப்பட்டது இதற்காகவே. பொருத்துகிறவர் இரும்பில் விளக்குக் கரி பூசி மரத்தில் அழுத்துவார். கரி ஒட்டிய மேட்டை மட்டும் சீவி, மறுபடியும் அழுத்திப் பார்ப்பார். இந்த வேலை பொறுமையைக் கேட்பது, அவசரப்படுத்தலாகாது. ஆளிவிதை எண்ணெய் ஈரத்தைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி முற்றிலும் தடுக்காது. வெளிப்புறத்தை மினுக்கிவிட்டு, உட்பள்ளத்தையும் அடித்தகட்டுக்குக் கீழுள்ள இழை முனையையும் பூசாமல் விடுவது வழக்கமான தவறு. ஈரம் நுழைவது அந்த வழியாகவே. புதுக் கட்டை ஏறியபின் மைதானத்தில் குறியை மறுபடியும் சரிபார்த்தே தீர வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தபின் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும்.

8. முடிவுரை

இவ்வளவு சிரத்தை எதற்கென்று கேட்கலாம். கரிசல் காடு சமதரை. தவறிய குண்டைத் தடுக்க மலையுமில்லை, மேடுமில்லை. ரைபிள் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் உயிரைக் குடிக்க வல்லது. அங்கே ஆட்டுக் கிடையோ, பருத்தி எடுக்கும் பெண்களோ, பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகளோ இருக்கலாம். குறி தவறும் ரைபிளை இன்னும் சற்று மேலே பிடித்துச் சமாளிக்கலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. அது சீர்படும்வரை பூட்டியே இருக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் விவாதிப்பதற்குச் சில கேள்விகள்:

1. ரைபிளின் குறி தவறுவதற்குக் கட்டையல்லாத காரணங்கள் யாவை?

2. மரம் உலர்ந்துவிட்டதென்று தராசினால் அறிவது எப்படி?

3. கட்டையின் கழுத்தில் இழை எவ்விதம் ஓட வேண்டும்? ஏன்?

4. ரைபிளைக் கிராமத்துத் தச்சரிடம் பழுது பார்க்கக் கொடுக்கலாகாது என்பதன் காரணம் என்ன?

5. கண்மாய்க் கரையில் பூவரசு நட்டு வளர்ப்பதால் ஊருக்கு விளையும் பிற நன்மைகள் யாவை?